மாவும் ஆவியும்

திரையில் நான்கே நான்கு படங்கள்: காற்று, மண், தீ, நீர். ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் போட வேண்டும். சேர்ந்தால் புதிதாக ஏதோ ஒன்று வரும். சேராவிட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சும்மா கிடக்கும். வந்த புதுப் பொருளைத் திரும்ப எதன் மேலாவது போட்டுப் பார்க்கலாம். லிட்டில் ஆல்கெமி என்ற விளையாட்டின் விதி இவ்வளவுதான். மதிப்பெண் கிடையாது, நேரக் கெடு கிடையாது, தோற்றுப்போவது என்பதே கிடையாது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தோடு அது நிற்காது என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்த பாதை ஒன்று உண்டு. மண்ணின் மேல் தீயைப் போட்டால் எரிமலைக் குழம்பு. குழம்பின் மேல் காற்றைப் போட்டால் அது ஆறிக் கல்லாகும். கல்லின் மேல் இன்னொரு தடவை காற்று: கல் தேய்ந்து மணலாகும். மணலின் மேல் தீ: கண்ணாடி. இதுவரை வந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகம். எரிமலைக் குழம்பு ஆறித்தான் பாறை ஆகிறது, பாறை காற்றிலும் மழையிலும் கரைந்துதான் மணல் ஆகிறது, மணலில் இருக்கிற சிலிக்கா ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. இப்போது அந்தக் கண்ணாடியின் மேல் கொஞ்சம் மணலைப் போடுங்கள். என்ன வரும்?

காலம் வரும்.

மணல் கடிகாரம்! ஒரு நொடி முழித்துவிட்டு, புரிந்ததும் தன்னால் சிரிப்பு வரும். இந்தச் சிரிப்புக்காகத்தான் இதை விளையாடுகிறோம் என்று நினைக்கிறேன். நான்கு படி வரை பொருள்களின் இயல்பை ஒட்டி வந்துகொண்டிருந்த விளையாட்டு, ஐந்தாவது படியில் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு தடத்துக்குத் தாவிவிட்டது. மணலும் கண்ணாடியும் சேர்ந்து காலம் ஆவது எந்த இயற்கை விதிப்படியும் இல்லை. யாரோ ஒருவர் மேசை முன்னால் உட்கார்ந்து, 'இந்த ரெண்டையும் சேர்த்தா என்ன வெக்கலாம்?' என்று யோசித்து வைத்தது.

அந்த யாரோ ஒருவர் யாகுப் கோசியோல் என்ற போலந்துக்காரர். லிட்டில் ஆல்கெமியை 2010இல் வெளியிட்டார். அதே 2010இல் ஜாய்பிட்ஸ் நிறுவனத்தின் டூடுல் காட் என்ற விளையாட்டும் ஐபோனில் வந்தது, அதிலும் இதே நான்கு மூலங்கள்தான். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. எனக்குப் பழகினது கோசியோலின் மனசு. விளையாட்டு முழுக்க அவர் மனசைத்தான் தடவித் தடவிப் படித்துக்கொண்டு போகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். நான்கு பொருளை இரண்டிரண்டாகச் சேர்க்க, ஒரு பொருள் தன்னோடு தானே சேர்வதையும் எடுத்துக்கொண்டால், 10 வழிகள். பத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். பொருள்கள் 100 ஆகும்போது வழிகள் 5,050 ஆகிவிடும். லிட்டில் ஆல்கெமியில் மொத்தம் 580 பொருள்கள், அத்தனையும் கையில் இருந்தால் 1,68,490 ஜோடிகள். இதில் பெரும்பாலானவை சேரவே சேராது. வரிசையாகப் போட்டுப் பார்க்கிறவனுக்கு விரல்தான் வலிக்கும். ஆகவே யூகிக்க வேண்டும். எதை யூகிக்க வேண்டும்? சேற்றையும் தீயையும் சேர்த்தால் உலகத்தில் என்ன நடக்கும் என்பதை இல்லை. இந்த மனிதர் இங்கே என்ன வைத்திருப்பார் என்பதை.

அப்படி யூகிக்கத் தொடங்கினதும் அவருடைய பழக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். சேறும் தீயும் சேர்ந்தால் செங்கல். சூளை போட்ட யாரும் ஒப்புக்கொள்வார்கள். செங்கல்லும் செங்கல்லும் சுவர். சுவரும் சுவரும் வீடு. வீடும் வீடும் கிராமம், கிராமமும் கிராமமும் நகரம். ஓஹோ, ஒரே பொருளை இரட்டித்தால் அதன் அடுத்த பெரிய வடிவம் வரும் போல என்று ஒரு விதியை மனசுக்குள் எழுதிக்கொள்வோம். கையில் இருப்பதையெல்லாம் இரட்டிக்க ஆரம்பிப்போம். அந்த வேகத்தில் மனிதனையும் மனிதனையும் சேர்த்தால், கூட்டம் வரவில்லை, குடும்பம் வரவில்லை. காதல் வருகிறது. இதே இடத்தில் சண்டை என்று வைக்கக்கூடிய ஆளும் உலகத்தில் இருக்கிறார். கோசியோல் அப்படி வைக்கவில்லை. முகம் பார்த்திராத ஒருவரைப் பற்றி எனக்கு இது தெரியும்.

விடுகதை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி போடும் விடுகதைக்கும் பெரியப்பா போடும் விடுகதைக்கும் ஒரே மூளையை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. பாட்டியின் விடை எப்போதும் அடுப்படியிலோ கொல்லையிலோ இருக்கும். பெரியப்பாவின் விடையில் ஏதாவது கணக்குக் குசும்பு இருக்கும். ஆளைத் தெரிந்தால் பாதி விடை தெரிந்த மாதிரி. இந்த விளையாட்டும் அந்த வகைதான்.

2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் பொருள்கள் 720. அதில் இரண்டு மாற்றங்கள் எனக்குப் பிடிக்கும். ஒன்று, காலம் அங்கே எதையும் சேர்த்துக் கிடைப்பதில்லை. 100 பொருள்களைக் கண்டுபிடித்த பிறகு தானாக வந்து சேர்கிறது. மணல் கடிகாரக் குறும்பு போச்சே என்று முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் நூறு பொருள் சேரும்வரை காலம் என்று ஒன்று கிடையாது என்பதும் யோசித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, ஒரு பொருளை வைத்துச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டால் அது பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியல் மெலிய மெலிய, இன்னும் நிற்கிறவை எல்லாம் உன்னிடம் எதையோ மறைக்கின்றன என்று புரிந்துவிடும். சாதாரணச் சங்கதி மாதிரித் தெரியும், விளையாடினவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கோசியோலின் குறும்புக்கும் இரண்டாம் பாகத்தில் குறைவில்லை. முட்டையைக் காற்றோடு சேர்த்தால் பறவை, தண்ணீரோடு சேர்த்தால் மீன். சரி, முட்டையையும் கோழியையும் சேர்த்தால்? தத்துவம்! எது முதலில் வந்தது என்று விடிய விடியப் பேசுவதைத்தானே தத்துவம் என்கிறோம். அப்புறம் அந்தத் தத்துவத்தை ஏதாவது பிரமாண்டமான பொருளோடு சேர்த்தால் 'பெரியது' என்ற கருத்தும், பொடிப் பொருளோடு சேர்த்தால் 'சிறியது' என்ற கருத்தும் கிடைக்கும். பொருளோடு பொருள் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் கருத்துகளும் வந்து உட்கார்ந்துவிட்டன.

உயிர் எப்படி வருகிறது என்பதும் பார்க்க வேண்டியது. முதல் பாகத்தில் சதுப்பு நிலத்தோடு ஆற்றலைச் சேர்த்தால் உயிர். இரண்டாம் பாகத்தில் ஆதிக் கடல் ரசம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மேல் மின்சாரத்தைப் போட்டால் உயிர். இது சும்மா வைத்தது இல்லை. 1952இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர், தன் பேராசிரியர் ஹரால்ட் யூரியின் மேற்பார்வையில், நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் நான்கையும் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து மின்பொறியைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். சில நாள்களில் தண்ணீரின் நிறம் மாறியது. அமினோ அமிலங்கள் கிடைத்தன. உயிர் கிடைக்கவில்லை, உயிருக்கான செங்கற்கள் கிடைத்தன. விளையாட்டில் ஒரே இழுப்பில் முடிகிற வேலை, ஆய்வுக்கூடத்தில் இன்னும் முடியவில்லை.

நான்கு மூலம் என்ற கணக்கே பழைய கிரேக்கக் கணக்கு. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் இருந்த எம்பெடோக்ளிஸ், உலகம் நான்கு வேர்களால் ஆனது என்றார். அந்த நான்கைச் சேர்த்து வைப்பது அன்பு, பிரித்துப் போடுவது பகை என்றும் சொன்னார். நமக்குப் பூதங்கள் ஐந்து. விளையாட்டில் ஐந்தாவதான ஆகாயத்தை நாமே செய்துகொள்ள வேண்டும்: காற்றோடு நீராவி சேர்ந்தால் மேகம், மேகத்தோடு காற்று சேர்ந்தால் ஆகாயம். எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற ஆகாயத்தை மேகத்திலிருந்து உண்டாக்குவதைப் பார்த்தால் நம் ஊர்ச் சாஸ்திரிகள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆல்கெமி என்று பெயரிலேயே ரசவாதம் இருக்கிறதே, அதற்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு இருக்கிறதா என்றால், சேர்க்கை என்ற ஆசையில் மட்டும்தான். நம் சித்த மருத்துவத்தில் பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து எரித்தால் சிவப்பாக லிங்கம் என்ற சரக்கு கிடைக்கும். வெள்ளியாக ஓடுகிற ஒன்றும் மஞ்சளாகப் பொடிகிற ஒன்றும் சேர்ந்து, இரண்டின் சாயலும் இல்லாத ரத்தச் சிவப்பு. இதைக் கண்ணால் பார்த்த ஒருவன், அப்படியானால் செம்பையும் எதோடாவது சேர்த்தால் பொன் வராதா என்று ஆயுள் முழுக்க அடுப்பு ஊதினதில் ஆச்சரியமே இல்லை. விளையாட்டில் அந்த ஆசை சுலபமாக நிறைவேறும்: உலோகத்தின் மேல் சூரியனைப் போட்டால் தங்கம். நிஜத்திலும் நிறைவேறிவிட்டது, ஆனால் அளவைப் பாருங்கள். ஜெனீவா பக்கத்தில் இருக்கிற செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் குழு 2025 மே மாதம் ஒரு கணக்கை வெளியிட்டது. ஈய அணுக்கருக்கள் ஒன்றையொன்று உரசாமல் மிக அருகில் கடந்து போகும்போது சில சமயம் மூன்று புரோட்டான்கள் கழன்று விழுகின்றன. ஈயத்துக்கு 82, தங்கத்துக்கு 79. ஆக, அந்த நொடியில் ஈயம் தங்கம் ஆகிறது. 2015 முதல் 2018 வரை இப்படிப் பிறந்த தங்க அணுக்கருக்கள் சுமார் 8,600 கோடி. மொத்த எடை 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் 29 பங்கு. அதுவும் பிறந்த வேகத்தில் சிதறிப் போய்விடுகிறது. சேர்த்ததால் வந்ததுகூட இல்லை அது, உதிர்ந்ததால் வந்தது.

வேதியியல் வளர்ந்ததே, அடிப்படை என்று நினைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பதவியிறக்கித்தான். தண்ணீர் தனிப்பொருள் இல்லை, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பது 1780களில் உறுதியானது. 1789இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே போட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. மண்ணும் தண்ணீரும் காற்றும் அதில் இல்லை. வெப்பத்துக்கும் ஒளிக்கும் மட்டும் அவரும் இடம் கொடுத்திருந்தார், பழைய பாசம் போகவில்லை. விளையாட்டைச் செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஹைட்ரஜனிலிருந்து தொடங்கினால் யாருக்குக் கை போகும்? மண், தீ என்றால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட இழுத்துப் போட்டுப் பார்க்கும்.

குழந்தை என்றதும், இதை உண்மையாக விளையாடத் தெரிந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மகள், அஞ்சாம் வகுப்பு. மே மாத லீவுக்கு வந்திருந்தபோது என் லேப்டாப்பில் லிட்டில் ஆல்கெமியைத் திறந்து கொடுத்தேன். காலையில் ஆரம்பித்தவள் மதியத்துக்குள் கோதுமையைப் பயிரிட்டு, அரைத்து, மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த மாவு வரை போய்விட்டாள். பிசைந்த மாவின் மேல் தீயைப் போட்டாள், பிரெட் வந்தது. சந்தோஷம். அப்புறம் நீராவியை இழுத்துவந்து மாவின் மேல் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தாள்.

"மாமா, நெட் ஸ்லோவா இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"மாவையும் ஆவியையும் போட்டேன், இட்லி வரல."

"அதுல இட்லி இல்லடா."

"பீட்சா இருக்கு, சுஷி கூட இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இட்லி ஏன் இல்ல?"

"செஞ்சவர் போலந்துக்காரர். அவங்க ஊர்ல இட்லி கிடையாது."

"அப்ப வெறும் சட்னி மட்டும் சாப்பிடுவாங்களா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உண்மையில் போலந்தில், குறிப்பாக பொஸ்னான் நகரத்தைச் சுற்றின பகுதியில், ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவை உருண்டை பிடித்து ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுகிற பழக்கம் உண்டு. பழக்கூழோ இறைச்சிக் குழம்போ தொட்டுக்கொள்வார்கள். கிட்டத்தட்ட இட்லிக்குச் சித்தப்பா மகன். ஆகவே போலந்துக்காரர் என்பதால் விட்டுவிட்டார் என்று நான் சொன்ன சமாதானம் அவ்வளவு வலுவானது இல்லை. அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு அதில் ஏமாற்றம்தான். ஆனால் கவனித்தேன், அதற்குப் பிறகு அவள் விளையாடின விதமே மாறிவிட்டது. அதுவரை தனக்குத் தோன்றினதைப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கையில் படத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்த அங்கிள் இதுக்கு என்ன நெனைச்சிருப்பாரு?" என்று கேட்க ஆரம்பித்தாள். கண்டுபிடிப்பு வேகம் கூடியது. இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு வருஷக்கணக்கில் தெரிந்ததை அவள் ஒரு மதியத்தில் பிடித்துவிட்டாள்.

சாயங்காலம் அவளுக்கு இன்ஃபினிட் கிராஃப்ட் காட்டினேன். நீல் அகர்வால் என்ற அமெரிக்க நிரலாளர் 2024 ஜனவரி 31 அன்று தன்னுடைய நீல்.ஃபன் தளத்தில் வெளியிட்டது. கடவுச்சொல்லை வைத்துப் பாடாய்ப்படுத்துகிற விளையாட்டு ஒன்று 2023இல் ஊரையே கலக்கியதே, அதைச் செய்ததும் அவர்தான். இங்கேயும் நீர், தீ, காற்று, மண் நான்கில்தான் தொடக்கம். ஆனால் யாரும் உட்கார்ந்து விடைகளை எழுதி வைக்கவில்லை. இரண்டு பொருளை நாம் சேர்த்ததும், அந்த ஜோடியை முன்பே யாராவது சேர்த்திருந்தால் சேமித்து வைத்த விடை உடனே வரும். யாரும் சேர்த்திருக்காவிட்டால் செயற்கை நுண்ணறிவு மொழி மாடல் ஒன்றிடம், வெளிவந்த காலத்தில் மெட்டா நிறுவனத்தின் லாமா 2இடம், இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன என்று கேள்வி போகும். அது சொல்கிற சொல்லும் ஒரு ஈமோஜியும் அன்றிலிருந்து உலகத்துக்கே நிரந்தர விடை. முதலில் சேர்த்த ஆளுக்கு 'முதல் கண்டுபிடிப்பு' என்று ஒரு பட்டம். அதனால் இதற்கு முடிவே கிடையாது.

இந்த விளையாட்டில் மனிதனை உண்டாக்க ஒரு பிரபலமான வழி இருக்கிறது. மண்ணும் காற்றும் தூசி. தூசியும் மண்ணும் கோள். தீயும் காற்றும் புகை, புகையும் நீரும் மூடுபனி. கோளையும் மூடுபனியையும் சேர்த்தால் வெள்ளிக் கிரகம். சபாஷ் என்று சொல்லத் தோன்றும், ஏனென்றால் சுற்றிலும் மேகம் மூடிக் கிடக்கிற கோள் அதுதான். இப்போது வெள்ளியோடு நீராவியைச் சேர்த்தால் ஏவாள் வருகிறாள். ஏவாளோடு சேற்றைச் சேர்த்தால் ஆதாம். ஆதாமும் ஏவாளும் மனிதன்.

வெள்ளிக் கிரகத்திலிருந்து ஏவாளுக்கு எப்படி வந்தது? வீனஸ் என்றால் ரோமானியர்களுக்குப் பெண் தெய்வமும் கூட. பெண் தெய்வம் என்றதும் முதல் பெண், முதல் பெண் என்றதும் ஏவாள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான பக்கங்களில் இந்தச் சொற்கள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன, அந்த மொழி மாடல் அந்தத் தெருவில் நடந்து போய்விட்டு வந்து சொல்கிறது. நம் ஊர்ச் சுக்கிரனோ ஆண், அசுரர்களுக்குக் குரு, ஒற்றைக் கண் போன பெரியவர். அவரிடமிருந்து ஏவாளுக்கு வழியே இல்லை. அதை விடுங்கள், பைபிளில் மண்ணிலிருந்து முதலில் ஆதாம், அவன் விலாவிலிருந்து ஏவாள். இங்கே ஏவாள் முன்னால் வந்துவிட்டாள், அவளையும் சேற்றையும் வைத்து ஆதாமைச் செய்கிறோம். ஒரு ஆள் இப்படி வைத்திருந்தால், அடேயப்பா, என்ன தைரியம் என்று அவரைத் தேடிப் போய்ப் படித்திருப்பேன். இங்கே தேடிப் போக ஆள் இல்லை. தற்செயலாக அப்படி விழுந்தது.

செடியும் காற்றும் சேர்ந்தால் இதில் டேன்டெலயன் வருகிறது. ஊதினால் பஞ்சு பஞ்சாகப் பறக்குமே, ஆங்கிலப் படப் புத்தகங்களின் ஓரத்தில் எப்போதும் இருக்கும் பூ. செடியும் காற்றும் என்றால் எனக்கு வெயிலில் எருக்கங்காய் வெடித்துப் பட்டு மாதிரிப் பஞ்சு பறப்பதுதான் கண்ணுக்கு வரும். அக்கா மகளைக் கேட்டால் "முருங்கை மரம், காத்தடிச்சா கிளை ஒடிஞ்சிரும்" என்றாள். அவள் வீட்டு வாசலில் அது நடந்திருக்கிறது. கோசியோலுக்கு இட்லி தோன்றாததைவிட இது எனக்கு உறுத்துகிறது. இட்லி தோன்றாதது ஒரு ஆளின் எல்லை. எல்லோருடைய எழுத்தையும் படித்தது என்று பெயரெடுத்த ஒன்று டேன்டெலயன் என்று சொல்லும்போது, அந்த எல்லோரும் எந்த ஊர்த் தோட்டத்தில் விளையாடி வளர்ந்தவர்கள் என்று தெரிந்துபோகிறது.

இன்ஃபினிட் கிராஃப்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை. முதல் அரைமணி நேரத்துக்கு அதற்கு நிகராக ஒன்றைச் சொல்ல முடியாது. ஏறத்தாழ எதைப் போட்டாலும் பதில் வரும். அரசியல்வாதியையும் காய்கறியையும் சேர்க்கலாம், அதற்கும் ஒரு விடை சொல்லும். தேடிப் போனால் உங்கள் மாவட்டத் தலைநகரத்தைக்கூட எப்படியாவது எட்டிவிடலாம் என்று தோன்றும். அப்புறம் மெல்ல ஒரு அலுப்பு வரும். காரணம், யூகிக்க ஒன்றும் இல்லை. தப்பான சேர்க்கை என்று ஒன்று இருந்தால்தான் சரியான சேர்க்கைக்கு ருசி. லிட்டில் ஆல்கெமியில் இரண்டு படங்கள் சேராமல் கிடந்தால், ஏன் சேரவில்லை என்று யோசிக்கலாம். அந்த மறுப்புக்கும் ஒரு அர்த்தம் உண்டு. இங்கே மறுப்பதற்கு ஆள் கிடையாது. முதல் கண்டுபிடிப்புப் பட்டமும் அப்படித்தான். நீளமான பெயர்களை ஒன்றோடொன்று முடிந்துகொண்டே போனால் யாரும் தொடாத ஜோடி தானாக வந்துவிடும். நிரல் எழுதி இயந்திரத்தையே சேர்க்கவிட்டுப் பட்டங்களைக் குவித்தவர்களும் இருக்கிறார்கள். இயந்திரம் கேட்க இயந்திரம் சொல்கிறது, நடுவில் நமக்கு என்ன வேலை?

அவள் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் போட்டுவிட்டு, "எதைப் போட்டாலும் ஏதோ ஒண்ணு வருது மாமா, இது எதுக்கு?" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதற்கு அப்புறம் நான் தனியாக ராத்திரி வெகுநேரம் அதில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுப்பு என்று எழுதுவது சுலபம், பக்கத்தை மூடுவதுதான் கஷ்டம்.

மறுநாள் அவள் ஒரு பழைய ரஃப் நோட்டை எடுத்துச் சொந்தமாக ஒன்று எழுதத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் நான்கு மூலங்கள்: வீடு, ஸ்கூல், மழை, பாட்டி. எனக்கு மறுப்பு இருந்தது, ஆனால் விளையாட்டு அவளுடையது. கூடவே மாவு, ஆவி, எண்ணெய், நாள் கிழமை எல்லாம் சேர்ந்துகொண்டன. விடைகள் கடைசிப் பக்கத்தில், அதை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டாள். இட்லிக்கு நேரடி வழி வைக்கவில்லை. "மாவு + ஆவின்னு போட்டா ஈஸியா கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள். மாவோடு ராத்திரியைச் சேர்த்தால் புளித்த மாவு, அதோடு ஆவி சேர்ந்தால்தான் இட்லி. இது எனக்குத் தோன்றாதது. அரிசி உளுந்து மாவில் லூக்கனாஸ்டாக் என்ற பாக்டீரியா ராத்திரி முழுக்க உட்கார்ந்து கரியமில வாயுவை விடுவதால்தான் இட்லி உப்புகிறது. நேரம் என்கிற சேர்மானம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. புளிக்காத மாவை ஆவியில் வைத்தால் 'கல்' வரும் என்று தனியாக ஒரு விடையும் வைத்திருந்தாள். அது அவர்கள் வீட்டில் எப்போதோ நடந்த சம்பவம், அக்கா முன்னால் அதைப் பற்றி விசாரிக்க முடியாது.

விளையாட உட்கார்ந்தால் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். மழையும் ஸ்கூலும் சேர்ந்தால் லீவு என்றேன், தப்பு. சேறு என்றேன், தப்பு. விடை அப்பா. மழை பெய்தால் அன்றைக்கு மட்டும் ஆட்டோ வராது, அப்பா பைக்கில் வந்து கூட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமையும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் குளியல் என்று அடித்துச் சொன்னேன். விடை ஓட்டம்! பாட்டியும் செல்போனும் சேர்ந்தால் காலை வணக்கப் பூப்படம் என்று நினைத்தேன், அவள் எழுதியிருந்தது 'சார்ஜ் இல்லை'. இரண்டு நாள் அவளோடு பேசிப் பேசி, அவள் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள் என்று கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் ஒன்றிரண்டு சரியாக வந்தன. இட்லி + நேற்று என்று கேட்டபோது யோசிக்காமல் உப்புமா என்றேன். முதல் தடவையாகப் பாராட்டு கிடைத்தது.

லீவு முடிந்து நோட்டோடு ஊருக்குப் போய்விட்டாள். ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் விடுபடவில்லை: அம்மா + அம்மா. இரட்டித்தால் அடுத்த பெரிய வடிவம் என்ற கோசியோல் விதிப்படி பாட்டி என்றேன், இல்லை. மகளிர் குழு என்றேன், என்னவென்றே புரியவில்லை அவளுக்கு. பேரன்ட்ஸ் மீட்டிங் என்றபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்ட வந்துட்டீங்க" என்றாள். போன வாரம் போனில் ஒரு குறிப்பாவது கொடு என்று கேட்டேன். ஒரு குறிப்புக்கு மூன்று சாக்லேட், முன்பணமாக வேண்டுமாம்.